நெல்லுச்சோறும் கடைவாய்ப் புண்ணும்

இரண்டு வருடங்களுக்கு முன்பு சர்க்கரை அளவு எல்லையைத் தொட்டுவிட்டதாக ரிப்போர்ட் வந்தது. அன்றோடு சோறு, இட்லி, தோசை எல்லாவற்றையும் நிறுத்தினேன். காலையில் முட்டை, மதியம் கோழியும் காயும், இரவில் பனீர். மூன்றாவது வாரத்தில் எடை நான்கு கிலோ குறைந்தது. கூடவே உதடு வெடித்தது. மேலுதடு கீழுதடு இரண்டும் காய்ந்து, தோல் உரிந்து, சிரித்தால் ரத்தம் கசிந்தது. மார்கழிப் பனி என்று நினைத்து ஒரு டப்பா வாசலின் வாங்கி வைத்துக்கொண்டேன். பூசிய அரைமணி நேரத்தில் நாக்கு தானாகப் போய் அதை நக்கிவிடும். மறுபடி காயும்.

மருத்துவர் இரண்டே கேள்விகள் கேட்டார். தண்ணீர் எவ்வளவு குடிக்கிறீர்கள், உப்பையும் குறைத்துவிட்டீர்களா? மாவுச்சத்தை நிறுத்தினால் உடம்பு முதலில் தன் கிளைக்கோஜன் கையிருப்பைக் கரைக்கும். அதோடு சேர்த்துப் பிடித்து வைத்திருந்த நீரும் வெளியேறும், உப்பும் போகும். முதல் சில நாட்களில் குறையும் எடையில் பெரும்பகுதி தண்ணீர்தான். உதட்டில் வியர்வைச் சுரப்பியும் கிடையாது, எண்ணெய்ச் சுரப்பியும் ஏறக்குறையக் கிடையாது. மேல்தோலும் மெல்லியது. வறட்சியை முதலில் அது காட்டிவிடும். "தண்ணி குடிங்க, மோர்ல உப்புப் போட்டுக் குடிங்க, நக்காதீங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். பத்து நாளில் சரியாகிவிட்டது.

இவ்வளவுதான் என் கதை. எழுதும் அளவுக்கு இதில் ஒன்றுமில்லை. அந்தப் பத்து நாட்களில் ஒருநாள் அம்மா என் முகத்தை உற்றுப் பார்த்துச் சொன்ன ஒரு வாக்கியம்தான் என்னை இந்தக் கட்டுரைக்குக் கொண்டுவந்தது.

"உனக்கு உதடுதான் கண்ணு வெடிச்சிருக்கு. எங்களுக்கெல்லாம் கடவா வெடிக்கும். ஆஸ்டல்ல ஒரு புள்ளைக்கி பாக்கியில்லாம."

களியிலிருந்து சோற்றுக்கு

அம்மாவின் ஊர் தருமபுரிப் பக்கம் ஒரு மானாவாரிக் கிராமம். 1948இல் பிறந்தவள். வீட்டில் ராகிக்களி, கம்பங்கூழ், கொள்ளுப் பருப்பு, காட்டில் பறித்த கீரையைக் கடைந்தது. நெல்லுச்சோறு என்பது தீபாவளிக்கும் மாரியம்மன் பண்டிகைக்கும் மட்டும். ஒன்பது வயதில் அவளை ஒரு பெண்கள் விடுதியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். தாத்தா அதற்காகப் பல மைல் நடந்ததைப் பற்றி எங்கள் வீட்டில் பலமுறை பேசியிருக்கிறார்கள். விடுதியைப் பற்றி ஊரில் இருந்த பெரிய பேச்சே ஒன்றுதான்: அங்கே மூன்று வேளையும் நெல்லுச்சோறு.

"லீவுக்குப் போனா எல்லாம் கேப்பாங்க, தெனமும் நெல்லுச்சோறாடீன்னு. எனக்கு அப்படியே தல நிமிந்துக்கும். வாயத் தெறக்கத்தான் முடியாது. கடவா ரெண்டு பக்கமும் பொளந்து கெடக்கும்."

காலையில் கஞ்சி. மதியம் சோறு, தண்ணீராக ஒரு சாம்பார். இரவு சோறு, ரசம். வாரத்தில் ஒருநாள் மோர். கீரை எப்போதாவது. ஆலையில் தீட்டிய வெள்ளைப் புழுங்கலரிசி. சேர்ந்து இரண்டு மூன்று மாதங்களில் வாயின் இரு ஓரங்களும் வெளுத்து, பிறகு பிளந்து, மஞ்சளாகப் பொருக்குக் கட்டும். கொட்டாவி விட்டால் பொருக்கு பிரிந்து எரியும். நாக்கும் எரியும். காரம் பட்டால் கண்ணில் தண்ணீர் வரும்.

விடுதிக் காப்பாளர் அம்மாவிடம் இதற்கு ஒரு விளக்கம் இருந்தது: எச்சில் புத்தி. பிள்ளைகள் ஒருவர் எச்சிலை ஒருவர் தின்கிறார்கள், பென்சிலைக் கடிக்கிறார்கள், வாயைக் கழுவுவதில்லை. அதனால் ஒட்டிக்கொள்கிறது. மருந்து, வாயோரத்தில் பூசும் ஊதா மருந்து. ஜென்சியன் வயலட். ஒரு முறை யாரோ ஒரு அதிகாரி பார்வையிட வந்தபோது வாயில் ஊதா பூசிய பிள்ளைகளை எல்லாம் பின்கட்டில் உட்கார வைத்துவிட்டார்கள். வரவேற்புப் பாட்டுக்கு ஒரு மாதம் பயிற்சி எடுத்திருந்த அம்மாவும் அவர்களில் ஒருத்தி.

அம்மா சிரிக்கும்போது வலது கையால் வாயை மூடிக்கொள்வாள். என் கல்யாணப் போட்டோக்களில்கூட அப்படித்தான் இருக்கிறாள். வெட்கம் என்றுதான் நாங்கள் இத்தனை வருடமும் நினைத்திருந்தோம்.

குன்னூரில் எழுதிவைக்கப்பட்டது

அம்மா விடுதியில் சேர்வதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே அவள் வாயில் வரப்போகும் புண்ணுக்கு விளக்கம் எழுதப்பட்டிருந்தது. அதுவும் அடுத்த மலையில். இதைத் தெரிந்துகொண்டபோது எனக்கு முதலில் வந்தது கோபம்தான்.

1918இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் ராபர்ட் மெக்காரிசன் என்ற ராணுவ மருத்துவர் பெரிபெரி நோயைப் பற்றிய ஒரு சிறு ஆய்வைத் தொடங்கினார். அதுவே பின்னால் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடமாக வளர்ந்து, 1958இல் ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்தது. இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பிறப்பிடம் குன்னூர். மெக்காரிசன் எலிகளுக்கு இந்தியாவின் பல பகுதி மக்களின் உணவைத் தனித்தனியாகக் கொடுத்து வளர்த்துப் பார்த்தார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய் என்று உண்ட சீக்கிய உணவு எலிகள் நன்றாக வளர்ந்தன. வெள்ளரிசியை நம்பிய சென்னை மாகாண உணவு எலிகள் வரிசையின் கடைசியில் நின்றன.

1935இல் அவருக்குப் பின் பொறுப்பேற்றவர் வாலஸ் அய்க்ராய்ட். அவரும் பி.ஜி. கிருஷ்ணனும் எலிகளை விட்டு வெளியே வந்து தென்னிந்தியக் கிராம வீடுகளில் என்ன சமைக்கிறார்கள் என்று அளந்தார்கள். விடுதிகளுக்கும் போனார்கள். அரிசியையே நம்பிய விடுதிகளின் பிள்ளைகளிடம் வாயோரப் பிளவையும் நாக்குப் புண்ணையும் அவர்கள் கண்டார்கள். நொதியம், அதாவது ஈஸ்ட், கொடுத்தபோது புண் ஆறியது. இது தொற்று அல்ல, உணவில் ஒரு சத்தின் குறை. அன்றைய பெயரில் 'பி2' வைட்டமின் குறை என்று 1930களின் நடுவிலேயே அச்சில் எழுதினார்கள். விடுதிப் பிள்ளைகளுக்குக் கொழுப்பு நீக்கிய பாலைக் கொடுத்துப் பார்த்த சோதனையும் அதே காலத்தில்தான் நடந்தது. பால் குடித்த பிள்ளைகள் உயரத்திலும் எடையிலும் முந்தினார்கள்.

அந்த 'பி2'வுக்குள் இருந்த மஞ்சள் பொருளை ரிச்சர்ட் கூனின் குழு 1933இல் பிரித்தெடுத்தது. ஒரு கிராம் கிடைக்க ஐயாயிரம் லிட்டருக்கு மேல் பால் தேவைப்பட்டது. 1935இல் கூனின் குழுவும் பால் காரரின் குழுவும் அதைச் செயற்கையாகத் தயாரித்தன. அதுதான் ரைபோஃப்ளேவின். உடம்பு உணவிலிருந்து ஆற்றலை எடுக்கும் வேலையில் உதவும் துணைப்பொருள். அதை உடம்பு அதிகம் சேமித்து வைப்பதில்லை, அன்றன்றைக்கு வர வேண்டும். வராவிட்டால், வேகமாகப் புதுப்பிக்கப்படும் தோல்தான் முதலில் சேதமாகும். பேசும்போதும் தின்னும்போதும் நாளெல்லாம் இழுபடுகிற இடம் வாயின் ஓரம். பிளவு அங்கே தொடங்குகிறது.

ஒரு சின்னக் கணக்கு

அய்க்ராய்ட் 1937இல் வெளியிட்ட இந்திய உணவுகளின் சத்து அட்டவணை பலமுறை திருத்தப்பட்டு, சேலத்தில் பிறந்த சி. கோபாலனின் பெயரோடு இன்றும் மாணவர்கள் கையில் இருக்கிறது. பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஒரு பிரதி என்னிடமும் உண்டு. அம்மா சொன்னதைக் கேட்ட அன்று இரவு அதை எடுத்து வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன்.

நூறு கிராமில் ரைபோஃப்ளேவின்: கம்பு 0.25 மில்லிகிராம். ராகி 0.19. கைக்குத்தல் புழுங்கலரிசி 0.12. ஆலையில் தீட்டிய புழுங்கலரிசி 0.05. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்குத் தேவை ஒரு மில்லிகிராமுக்கு அருகில். நானூறு கிராம் ராகி தின்றால் அதில் முக்கால் பங்கு வந்துவிடும். மிச்சத்தைக் கீரையும் மோரும் பார்த்துக்கொள்ளும். நானூறு கிராம் ஆலை அரிசி தின்றால் வருவது 0.2. ஐந்தில் ஒரு பங்கு.

பென்சிலை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஊரே பொறாமைப்பட்ட சோறு. தாத்தா பல மைல் நடந்து போய் வாங்கிக் கொடுத்த சோறு. அவள் வீட்டில் ஏழைச் சாப்பாடு என்று வெட்கப்பட்ட களியில் அதைவிட நான்கு மடங்கு இருந்திருக்கிறது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். புழுங்கலரிசி குற்றவாளி அல்ல. நெல்லை அவிக்கும்போது உமிக்கும் தவிட்டுக்கும் அருகே இருக்கும் தயமின் என்னும் பி1 அரிசிக்குள் இறங்கிக்கொள்கிறது. தீட்டினாலும் ஓரளவு தங்குகிறது. சென்னை மாகாணத்தில் பெரிபெரி வாட்டியது பச்சரிசி தின்ற வடசர்க்கார் பகுதியைத்தான். புழுங்கல் தின்ற தமிழ் மாவட்டங்களை அல்ல. மலேயாவில் வெள்ளைப் பச்சரிசி தின்ற சீனத் தொழிலாளர்கள் பெரிபெரியில் விழுந்தபோது புழுங்கலரிசி தின்ற தமிழர்கள் தப்பியதை பிராடன் என்ற மருத்துவர் 1907இல் புத்தகமாகவே எழுதினார். நம் பாட்டிகள் அவித்த நெல் காலையும் இதயத்தையும் காப்பாற்றியது. ஆனால் கடைவாயைக் காப்பாற்றும் அளவுக்கு ரைபோஃப்ளேவின் எந்த அரிசியிலும் இல்லை. சோற்றோடு பாலோ, முட்டையோ, கீரையோ, பருப்போ தட்டில் விழ வேண்டும். விடுதியில் விழாமல் போனது அதுதான்.

அளந்து போடப்படும் சோறு

இந்தப் புண்ணின் வரலாற்றைத் தேடிக்கொண்டு போனால் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வருகிறது. இதை மருத்துவர்கள் கண்ட இடங்கள்: சிறை, அநாதை இல்லம், மனநல விடுதி, மாணவர் விடுதி. எல்லாம் சாப்பிடுகிறவர் ஒருவராகவும் என்ன சாப்பிட வேண்டும் என்று முடிவு செய்கிறவர் வேறொருவராகவும் இருக்கும் இடங்கள்.

அமெரிக்காவின் தென்மாநிலங்களில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெல்லாக்ரா பரவியது. தோல் கருகி உரியும், வயிறு கெடும், புத்தி பேதலிக்கும், பலர் செத்தார்கள். வாயும் நாக்கும் வெந்துபோகும். இந்த நோயை ஸ்பெயினில் காஸ்பர் காசால் 1735லேயே பார்த்திருந்தார். அமெரிக்கக் கண்டத்திலிருந்து மக்காச்சோளம் ஐரோப்பாவுக்கு வந்தது. அதைச் சுண்ணாம்பு நீரில் வேகவைக்கும் மெக்சிகோ மக்களின் பழக்கம் கூட வரவில்லை. அப்படி வேகவைத்தால்தான் அதில் கட்டுண்ட நியாசின் விடுபடும். தானியம் கடல் கடந்தது, சமையல் கரையிலேயே நின்றுவிட்டது.

1914இல் அமெரிக்க அரசு ஜோசப் கோல்ட்பர்கரைத் தெற்கே அனுப்பியது. தொற்றுநோய் என்றுதான் அன்று எல்லோரும் நம்பினார்கள். மனநல விடுதிகளையும் அநாதை இல்லங்களையும் சுற்றிய அவருக்கு ஒரு விஷயம் உறுத்தியது: உள்ளே இருப்பவர்களுக்கு வருகிறது, அவர்களோடே புழங்கும் பணியாளர்களுக்கு வருவதில்லை. கிருமி என்றால் அது சம்பளப் பட்டியலைப் பார்த்தா ஒட்டும்? வேறுபாடு தட்டில் இருந்தது. மிசிசிப்பி மாநிலம் ஜாக்சனில் இரண்டு அநாதை இல்லங்களில் பால், முட்டை, பயறு சேர்க்க வைத்தார். பெல்லாக்ரா ஏறக்குறைய மறைந்தது. 1915இல் எதிர்த்திசையில் ஒரு சோதனை. அதே மாநிலத்தில் ராங்கின் சிறைப் பண்ணையில் விடுதலை தருவதாக வாக்குக் கொடுத்து, கைதிகளுக்குச் சோளக்கஞ்சி, சோள ரொட்டி, சர்க்கரைவள்ளி, சோறு, கரும்புப்பாகு என்று மட்டும் போட்டார்கள். கடைசிவரை இருந்த 11 பேரில் 6 பேருக்கு நோய் வந்தது. அப்போதும் நம்பாதவர்களுக்காக 1916இல் நோயாளிகளின் ரத்தத்தைத் தனக்கும் தன் மனைவிக்கும் ஊசியாகப் போட்டுக்கொண்டார் கோல்ட்பர்கர். இருவருக்கும் ஒன்றும் வரவில்லை. அழுக்கினால் வரும் நோய் அல்ல, வறுமையால் வரும் நோய் என்று அவர் சொன்னது தென்மாநிலப் பெரியவர்களுக்குப் பிடிக்கவில்லை. தங்கள் ஊரைப் பட்டினி ஊர் என்று இழிவுபடுத்துவதாகக் கோபித்துக்கொண்டார்கள்.

1929இல் அவர் இறந்தார். 1937இல் நியாசின் கண்டுபிடிக்கப்பட்டது, பெல்லாக்ரா நோயாளிகள் எழுந்து நடந்தார்கள். ஆனால் சிலருக்கு உதடு மட்டும் ஆறவில்லை. கோல்ட்பர்கரிடம் வேலை கற்ற செப்ரெல், பட்லர் என்பவரோடு சேர்ந்து அதைப் பிடித்துக்கொண்டார். மனநல விடுதி ஒன்றில் 18 பெண்களுக்கு ரைபோஃப்ளேவின் குறைந்த உணவைத் தொடர்ந்து கொடுத்தார்கள். 10 பேருக்கு உதடு சிவந்து, வாயோரம் பிளந்தது. நியாசின் கொடுத்தும் ஆறவில்லை. ரைபோஃப்ளேவின் கொடுத்ததும் ஆறியது. 1938இல் அதை எழுதினார்கள். மனிதருக்கு ரைபோஃப்ளேவின் குறைந்தால் என்ன ஆகும் என்பதற்கு நேரடிச் சான்று அப்படித்தான் கிடைத்தது.

இதைப் படித்தபோது அந்தப் பதினெட்டுப் பெண்களைத்தான் நினைத்தேன். கைதிகளுக்காவது விடுதலை கிடைத்தது. இவர்களிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டிருப்பார்களா? இன்று எந்த மாத்திரை அட்டையிலும் ஒரு வரியாக இருக்கும் அறிவு அவர்களுடைய வாயோரத்தைப் பிளந்து எடுக்கப்பட்டது. அவர்களில் ஒருவர் பெயரும் எனக்குக் கிடைக்கவில்லை.

பால் பவுடர்

அம்மாவுக்கு எப்படி ஆறியது? கேட்டேன்.

"ஏழாவது படிக்கும்போது பால் பவுடர் வந்துச்சு. வெளிநாட்டுது. பெரிய பெரிய டிரம்முல. காலையில கரைச்சுத் தருவாங்க. நாங்க திருட்டுத்தனமா உள்ளங்கையில கொட்டி நக்குவோம். அண்ணத்துல ஒட்டிக்கும். அதுக்கப்புறம் யாருக்கும் கடவா வெடிக்கல. காப்பாளரம்மா சொன்னாங்க, இப்பத்தான் சுத்தமா இருக்கக் கத்துக்கிட்டீங்கன்னு."

கொழுப்பு நீக்கிய பால் பவுடரில் நூறு கிராமுக்கு 1.64 மில்லிகிராம் ரைபோஃப்ளேவின் இருப்பதாக என் அட்டவணை சொல்கிறது. முப்பது கிராம் ஒரு பிள்ளைக்குப் போனால் அரை மில்லிகிராம். அய்க்ராய்டும் கிருஷ்ணனும் காட்டியது அதைத்தான். இருபத்தைந்து வருடம் தாமதமாக டிரம்மில் வந்திறங்கியது.

அறுபது வருடத்துக்கு முந்தைய புண்ணை இன்று யாரும் சோதித்துப் பார்க்க முடியாது. வாயோரப் புண்ணுக்கு வேறு காரணங்களும் உண்டு. இரும்புச்சத்துக் குறை, பூஞ்சைத் தொற்று, வயதானவர்களுக்குப் பொருந்தாத பல்செட். ஆனால் ஒரே சமையலறையில் சாப்பிட்ட ஒரு விடுதி முழுக்க வந்து, பால் வந்ததும் போனது என்றால் எனக்குச் சந்தேகம் அதிகம் இல்லை.

காப்பாளர் அம்மாவின்மேல் இப்போது கோபம் குறைந்திருக்கிறது. அவருக்குத் தரப்பட்ட பணத்தில் அரிசியைத்தான் வயிறு நிறையப் போட முடிந்திருக்கும். அவர் காலத்து நம்பிக்கைதான் அவருக்கு. கோல்ட்பர்கருக்கு முன் அமெரிக்க மருத்துவர்களும் அதையேதான் நம்பினார்கள். தட்டில் குறை என்று ஒப்புக்கொண்டால் யாரோ ஒருவர் பணம் போட்டாக வேண்டும். வாயில் குறை என்று சொல்லிவிட்டால் ஊதா மருந்து போதும்.

என் உதட்டுக்கு நானே முடிவெடுத்தேன், நானே மாற்றிக்கொண்டேன். மோரில் உப்புப் போடச் சொன்னால் போட்டேன். உணவை மாற்றுவது எனக்கு ஒரு தேர்வு. அம்மாவுக்கு அது ஒரு படியில் அளந்து போடப்பட்டது.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அம்மாவிடம் அட்டவணையைக் காட்டினேன். ராகிக்கு எதிரே இருந்த எண்ணையும் அரிசிக்கு எதிரே இருந்த எண்ணையும் விரல் வைத்துப் படித்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு இன்னொரு முறை படித்தாள்.

"அப்ப அது எச்சி புத்தி இல்ல?"

"இல்லம்மா."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "களியே போட்டிருக்கலாமே. அதுதான் வெலையும் கம்மி" என்றாள். சொல்லிவிட்டு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. வழக்கம்போலக் கை வாய்க்குப் போய்விட்டது.